மக்னீசியம் இல்லாத தண்ணீர்

ஒரு கிலோ கடல்நீரில் சுமார் 1.3 கிராம் மக்னீசியம் இருக்கும், 0.4 கிராம் கால்சியம் இருக்கும். பழையாறு முகத்துவாரத்தைத் தாண்டிப் படகில் போய் எடுத்தாலும் சரி, பசிபிக் நடுவில் எடுத்தாலும் சரி, மொத்த உப்பு கொஞ்சம் முன்னே பின்னே இருக்குமே தவிர இந்த விகிதம் மாறாது. மூன்றுக்கு ஒன்று.

சீர்காழிப் பக்கம் வனாமி இறால் வளர்ப்பவர்களுக்கு இந்த மூன்றுக்கு ஒன்று மனப்பாடம். போர்வெல் தண்ணீரில் குட்டையை நிரப்பினால் பெரும்பாலும் விகிதம் கெட்டுப்போயிருக்கும், கால்சியம் ஏறியிருக்கும், மக்னீசியம் இறங்கியிருக்கும். இறால் ஓடு கழற்றும் நேரத்தில் திணறும், ஓடு உடம்போடு ஒட்டாமல் தொளதொளக்கும் லூஸ் ஷெல் வரும். அதனால்தான் பாட்டிலில் தண்ணீரைப் பிடித்துக்கொண்டு எங்கள் பரிசோதனைக்கூடத்துக்கு வருகிறார்கள். "மேடம், மக்னீசியம் எவ்வளவு காட்டுது? எத்தனை மூட்டை போடணும்?" நாள் முழுக்க எனக்கு இதே கேள்விதான், நாள் முழுக்க சொட்டுச் சொட்டாகக் கரைசல் விட்டு அளக்கும் இதே டைட்ரேஷன்தான். அலுத்துவிட்டது என்று சொல்ல மாட்டேன். ஒயின் சிவப்பு ஒரே சொட்டில் நீலமாகும் அந்த நொடி எனக்கு இன்னும் பிடிக்கும்.

ஒருநாள் வயதான பண்ணைக்காரர் ஒருவர் ரிப்போர்ட்டுக்காக உட்கார்ந்திருந்தவர் கேட்டார்: "ஏம்மா, கொள்ளிடம் எத்தனை காலமா கடல்ல போய் விழுது. உப்பு, சுண்ணாம்பு எல்லாத்தையும் கொண்டாந்து கொட்டுது. அப்ப கடல்ல இதெல்லாம் ஏறிக்கிட்டேல்ல போவணும்? ஏன் அதே மூணுக்கு ஒண்ணுலயே நிக்குது?"

அசல் கேள்வி. உலகத்தின் பெரிய பெரிய கடல் வேதியியலாளர்கள் மண்டையைப் பிய்த்துக்கொண்ட கேள்வியும் இதேதான். அவருக்கு அன்று பாதி பதில்தான் சொல்ல முடிந்தது, அதற்குள் அவருடைய ரிப்போர்ட் வந்துவிட்டது. மீதிப் பதிலை இங்கே எழுதுகிறேன்.

இன்றைக்கு உலகத்து ஆறுகள் எல்லாம் சேர்ந்து கொண்டுபோகும் மக்னீசியத்தை வைத்துப் பார்த்தால், கடலில் இப்போது இருக்கும் மொத்த மக்னீசியமும் சேர ஒரு கோடி ஆண்டுக்குச் சற்று மேல் போதும். கடலின் வயதோ நூற்றுக்கணக்கான கோடி ஆண்டுகள். அப்படியென்றால் வருகிற அளவுக்குப் போகிற வழியும் இருந்தாக வேண்டும். கால்சியத்துக்கு அந்த வழி தெரிந்ததுதான்: சிப்பி, பவளம், நுண்ணுயிர்களின் ஓடு, கடைசியில் சுண்ணாம்புப் பாறை. மக்னீசியத்துக்கு? ஓடுகளுக்குள் அது கொஞ்சம்தான் போகிறது. பழைய பாறை அடுக்குகளில் டோலமைட் நிறையக் கிடக்கிறது, அதில் கால்சியமும் மக்னீசியமும் சரிபாதி. ஆனால் இன்றைய கடலடியில் டோலமைட் உருவாவது அபூர்வம். ஆக 1970களின் நடுப்பகுதி வரை மக்னீசியக் கணக்கில் வரவு இருந்தது, செலவுப் பக்கம் நிரம்பவில்லை.

அந்தச் சமயத்தில்தான் சிலர் கடல்நீரையும் எரிமலைப் பாறைத் தூளையும் ஒன்றாக அடைத்து, கடலடி அழுத்தத்தில் வைத்துச் சூடாக்கிப் பார்த்தார்கள். தண்ணீரில் இருந்த மக்னீசியம் பாறைக்குப் போய்விட்டது. ஆய்வகத்தில் நடக்கிறது, சரி. கடலுக்கு அடியில் உண்மையிலேயே நடக்கிறதா?

1977 பிப்ரவரி. ஈக்வடாருக்கு மேற்கே கலாபகஸ் பிளவில், சுமார் 2,500 மீட்டர் ஆழத்தில், கடலடி இரண்டாகப் பிரிந்து விலகும் இடம். அமெரிக்காவின் நோர் என்ற ஆராய்ச்சிக் கப்பல் கேமரா வண்டி ஒன்றைக் கடலடிக்கு மேலே இழுத்துக்கொண்டு போனது. ஓரிடத்தில் வெப்பமானி ஒரு துள்ளு துள்ளியது. அந்த நேரத்துப் படங்களைக் கழுவிப் பார்த்தால் வெறும் எரிமலைக் குழம்புப் பாறை மேல் சிப்பிகள் கூட்டமாகக் கிடந்தன. ஆல்வின் நீர்மூழ்கியில் மூன்று பேர் இறங்கினார்கள். பாறை இடுக்குகளில் இருந்து வெதுவெதுப்பான தண்ணீர் கசிந்துகொண்டிருந்தது. குழாய்ப்புழுக்கள், மட்டிகள், நண்டுகள் என்று சூரிய ஒளியே எட்டாத இடத்தில் ஒரு தோப்பு. கப்பலில் ஒரு உயிரியலாளர்கூட இல்லை. போனவர்கள் எல்லாம் புவியியல்காரர்களும் வேதியியல்காரர்களும்தான்.

உயிர்களைப் பற்றித்தான் உலகம் பேசியது, பேச வேண்டியதுதான். எனக்கு மனசு நின்ற இடம் வேறு. மேலே கொண்டுவந்த தண்ணீர்ப் புட்டியைத் திறந்ததும் ஆய்வுக்கூடம் முழுக்கக் கூமுட்டை நாற்றம் அடித்ததாம். ஹைட்ரஜன் சல்ஃபைடு. குட்டையின் அடிமண்ணைக் கரண்டியில் எடுத்து மோந்து பார்த்து, இந்த நாற்றம் வந்தால் எங்கள் பண்ணைக்காரர்கள் பதறி ஏரேட்டரைப் போட ஓடுவார்கள், இறாலுக்கு அது எமன். கலாபகஸ் அடியில் அதே வாயுவை எரிபொருளாக வைத்து பாக்டீரியாக்கள் உணவு சமைக்க, அவற்றை நம்பி ஒரு உலகமே வாழ்ந்துகொண்டிருந்தது.

அந்தத் தண்ணீரை ஆராய்ந்தவர்களில் முக்கியமானவர் ஜான் எட்மண்ட். கிளாஸ்கோவில் பிறந்தவர், மாசசூசெட்ஸ் எம்.ஐ.டி.யில் பேராசிரியர். அவருடைய குழுவிடம் இருந்த தண்ணீர் கொதிநீரெல்லாம் இல்லை. சுற்றியிருக்கும் கடல் 2 டிகிரி என்றால் ஊற்று நீர் பத்து, பதினைந்து டிகிரி, அவ்வளவுதான். அது அசல் ஊற்று நீரும் இல்லை, வெளியே வருவதற்குள் பாறைக்கு உள்ளேயே குளிர்ந்த கடல்நீரோடு நிறையக் கலந்துவிட்ட நீர். வெவ்வேறு அளவில் கலந்த புட்டிகள் கைக்கு வந்தன. ஒவ்வொன்றிலும் வெப்பம் எவ்வளவு, மக்னீசியம் எவ்வளவு, சிலிக்கா எவ்வளவு என்று அளந்தார்கள். வெப்பம் கூடக்கூட மக்னீசியம் குறைந்தது, அதுவும் நேர்கோட்டில். அந்தக் கோட்டை அப்படியே நீட்டினால் சுமார் 350 டிகிரி பக்கம் மக்னீசியம் பூஜ்யத்தைத் தொடுகிறது.

இந்த இடத்தை நான் வேகமாகத் தாண்ட மாட்டேன். மக்னீசியத்தை அளந்து பிழைக்கிற ஆள் நான், இதன் அருமை எனக்குத் தெரியும். 350 டிகிரியில் பூஜ்யம் என்றால் 10 டிகிரி வித்தியாசத்துக்கு மக்னீசியம் குறைவது சுமார் 3 சதவீதம். கிலோவுக்கு 1.3 கிராமில் 0.04 கிராம். எங்கள் கூடத்தில் ஒரே தண்ணீரை இரண்டு பேர் தனித்தனியாகப் பார்த்தால் இரண்டு சதவீதம் முன்னே பின்னே வருவதை யாரும் குறையாகச் சொல்வதில்லை, பண்ணைக்கு அது போதும். எட்மண்ட் குழுவுக்கு அந்த இரண்டு சதவீதமே கதையை முடித்திருக்கும். கோடு எங்கே போகிறது என்றே தெரிந்திருக்காது. பியூரெட்டின் கடைசிச் சொட்டு வரைக்கும் கை நடுங்காமல் அளந்தவர்களுக்கு மட்டுமே 15 டிகிரித் தண்ணீருக்குள் ஒளிந்திருந்த 350 டிகிரித் தண்ணீர் கண்ணுக்குத் தெரிந்தது. இத்தனைக்கும் அப்படி ஒரு தண்ணீர் கடலடியில் வெளியே கொட்டுவதை அதுவரை எந்த மனிதனும் கண்டதில்லை.

1979 ஏப்ரலில் கண்டார்கள். மெக்சிகோவுக்கு அப்பால், கலிபோர்னியா வளைகுடாவின் வாய்ப்பக்கம், கிழக்குப் பசிபிக் மேடு, வடக்கே 21 டிகிரி அட்சரேகை. ஆல்வினுக்கு முன்னால் ஒரு பாறைக் குழாய், அதன் வாயில் இருந்து கரியாகக் கொப்பளிக்கும் தண்ணீர். வெப்பமானியை உள்ளே நுழைத்தார்கள், அளவு தாறுமாறாக ஓடியது. மேலே வந்து பார்த்தால் அதைப் பிடித்திருந்த பிளாஸ்டிக் உருகியிருந்தது. பிறகு தகுந்த கருவி கொண்டுபோய் அளந்தபோது 350-ஐ ஒட்டியும் அதற்கு மேலும் எண்கள் வந்தன. கரும்புகைபோக்கி என்று இப்போது பள்ளிப் புத்தகப் படங்களில் பார்ப்பது இதைத்தான். அந்த ஆழத்தில் காற்றழுத்தத்தைப் போல 250 மடங்குக்கு மேல் அழுத்தம் இருப்பதால் தண்ணீர் அந்தச் சூட்டிலும் கொதிக்காமல் நிற்கிறது.

பாறைக்குள் மக்னீசியத்துக்கு என்ன ஆகிறது? இதைப் புரியவைக்க என் மேசையிலேயே ஒரு சோதனை இருக்கிறது.

தண்ணீரில் கால்சியத்தை மட்டும் அளக்க வேண்டுமானால் முதலில் மக்னீசியத்தை வழியில் இருந்து விலக்க வேண்டும். அதற்காகக் குடுவையில் சோடியம் ஹைட்ராக்சைடு விட்டு பி.ஹெச்சை 12-க்கு மேல் ஏற்றுவோம். கடல்நீராக இருந்தால் விட்ட உடனே குடுவைக்குள் வெள்ளையாக ஒரு மேகம் எழும். வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் துகள் துகளாக மெல்ல இறங்குவது தெரியும். அது மக்னீசியம் ஹைட்ராக்சைடு. மக்னீசியத்துக்கு ஹைட்ராக்சில் மேல், அதாவது ஒரு ஆக்சிஜனும் ஒரு ஹைட்ரஜனும் சேர்ந்த அயனி மேல், அவ்வளவு பிடிப்பு, கிடைத்தால் விடாது, சேர்த்துக் கட்டிக்கொண்டு திடமாகிவிடும்.

கடலடிப் பாறைக்குள் யாரும் காரம் ஊற்றுவதில்லை. விரிசல் வழியாகக் கடல்நீர் கீழே இறங்குகிறது, அடியில் இருக்கும் எரிமலைக் குழம்பின் சூட்டில் கொதியேறுகிறது. சூடேறியதும் மக்னீசியம் தனக்கு வேண்டிய ஹைட்ராக்சிலைத் தண்ணீரில் இருந்தே பிடுங்கிக்கொள்கிறது. பாறையின் சிலிக்காவோடு சேர்ந்து களிமண் கனிமங்களாகவும், குளோரைட் என்ற பச்சைக் கனிமமாகவும் பாறைக்குள்ளேயே உட்கார்ந்துவிடுகிறது. தண்ணீர் மூலக்கூறில் இருந்து ஹைட்ராக்சிலை எடுத்துவிட்டால் மிச்சம் நிற்பது ஹைட்ரஜன் அயனி. அதாவது அமிலம். சற்றே காரமான, பி.ஹெச் 8-ஐ ஒட்டிய கடல்நீர் இப்படித்தான் புளித்துப்போகிறது. வெளியே வரும்போது பி.ஹெச் 3, 4 என்று நிற்கிறது. அந்த அமிலம்தான் இரும்பு, மாங்கனீசு, செம்பு, துத்தநாகம் எல்லாவற்றையும் பாறையில் இருந்து கழற்றிக் கரைத்துக்கொண்டு மேலே வருகிறது.

இன்னொரு சரக்கும் இறங்குகிற வழியிலேயே உதிர்ந்துவிடுகிறது: சல்ஃபேட். கால்சியம் சல்ஃபேட் நாம் பழகிய உப்புகளைப் போல இல்லை, சூடாக்கச் சூடாக்க அதன் கரைதிறன் குறையும். 150 டிகிரியைத் தாண்டினால் அன்ஹைட்ரைட் என்ற கனிமமாகப் பிரிந்து பாறை விரிசல்களில் படிந்துவிடும். ஆக மேலே வரும் நீரில் மக்னீசியம் இல்லை, சல்ஃபேட்டும் அநேகமாக இல்லை. உலோகமும் சல்ஃபைடும் ததும்ப, அமிலமாக வரும் இந்த நீர் 2 டிகிரிக் கடலைத் தொட்ட மாத்திரத்தில் உலோக சல்ஃபைடுகள் பொடியாகப் பிரிகின்றன, அதுதான் கரும்புகை. புகைபோக்கியின் முதல் சுவர் எழும்புவது சுற்றியுள்ள கடல்நீரின் சல்ஃபேட்டில்: சூடுபட்டதும் அன்ஹைட்ரைட் வளையமாகப் படிந்து, அதற்கு உட்புறம் செம்பும் இரும்பும் பூசிக்கொள்ளும். ஊற்று நின்று குளிர்ந்துவிட்டால் அந்த அன்ஹைட்ரைட் மறுபடி கரைந்து கடலுக்கே போய்விடும்.

சரி, இந்த பூஜ்யத்தால் என்ன பயன்? பால் சொசைட்டியில் பாலில் எவ்வளவு தண்ணீர் கலந்திருக்கிறது என்று பார்ப்பார்கள் இல்லையா, ஏறக்குறைய அதே வேலைதான். புகைபோக்கி வாயில் டைட்டானியத்தால் செய்த பெரிய சிரிஞ்சை நுழைத்து முக்கால் லிட்டர் தண்ணீர் இழுப்பார்கள். எவ்வளவு ஜாக்கிரதையாக இழுத்தாலும் சுற்றியுள்ள கடல்நீர் கொஞ்சம் உள்ளே வந்துவிடும். அசல் ஊற்று நீரில் மக்னீசியம் பூஜ்யம் என்பதால், புட்டியில் தெரியும் மக்னீசியம் அத்தனையும் கலந்த கடல்நீருடையது. கடலின் அளவில் பத்தில் ஒரு பங்கு மக்னீசியம் இருந்தால் பத்தில் ஒரு பங்கு கடல்நீர் கலந்திருக்கிறது என்று அர்த்தம். அதைக் கழித்துவிட்டால் செம்பு, இரும்பு, குளோரைடு எல்லாவற்றுக்கும் அசல் அளவு கிடைத்துவிடும். கடலடி ஊற்றுகளைப் பற்றிய ஆய்வுகளில் கிட்டத்தட்ட எல்லா அட்டவணையும் இந்த ஒரே பூஜ்யத்தின் மேல்தான் நிற்கிறது. விதிவிலக்கு உண்டு: பப்புவா நியூ கினியை ஒட்டிய மானஸ் படுகை போன்ற இடங்களில் எரிமலைக் குழம்பின் வாயுக்களே நேராகத் தண்ணீரில் கரைவதால், கடும் அமிலமாக இருந்தும் மக்னீசியம் போகாத நீர் கிடைக்கிறது. அங்கே இந்தக் கழித்தல் செல்லாது.

இந்தக் கழித்தலை வாழ்நாள் வேலையாக எடுத்துக்கொண்டவர் கேரன் வான் டாம். எட்மண்டின் மாணவி. வடக்கே 21 டிகிரி ஊற்றுகளின் நீரைத்தான் தன் முனைவர் பட்டத்துக்கு அலசினார். அப்புறம் நியூ ஹாம்ப்ஷயர் பல்கலைக்கழகத்தில் இருந்துகொண்டு, கிழக்குப் பசிபிக் மேட்டில் 9 டிகிரி 50 நிமிடப் பகுதிக்குத் திரும்பத் திரும்பப் போனார். அங்கே 1991-ல் கடலடி எரிமலை வெடித்த சூட்டோடு சூடாக ஆல்வின் போய்ச் சேர்ந்தது. எரிமலைக் குழம்பில் மாட்டி வெந்துபோன குழாய்ப்புழுக்கள் அப்படியே கிடந்தன. அதே மேட்டில் இன்னும் தெற்கே, 9 டிகிரி 17 நிமிடப் பக்கம், 'எஃப்' என்று பெயரிட்ட ஒரு ஊற்றில் அந்த ஆண்டு எடுத்த நீரில், உப்பின் அளவைக் காட்டும் குளோரைடு கடலின் அளவில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. 1994-ல் அதே ஊற்றில் கடலைவிட ஒன்றரை மடங்கு.

ஒரே வாய், மூன்று வருடம், அநேகமாக நன்னீரில் இருந்து உப்பங்கழியைவிடக் கரிப்பான நீர். காரணம், கடல்நீர் சுமார் 407 டிகிரியையும் 298 பார் அழுத்தத்தையும் ஒட்டிய எல்லையில் இரண்டாகப் பிரிந்துவிடும்: உப்புக் குறைந்த ஆவி ஒன்று, உப்பு மண்டிய கனத்த நீர் ஒன்று. லேசான ஆவி முதலில் மேலே வந்தது. கனத்தது அடியில் தங்கி, ஆற அமரப் பின்னால் வந்தது. இப்படி நடக்கும் என்று கணக்கில் தெரிந்ததுதான். அதே வாய்க்கு மூன்று வருடம் கழித்துத் திரும்பிப் போய், புட்டியில் பிடித்து, கண் முன்னால் நடந்ததாகக் காட்டியவர் வான் டாம். என்னைக் கேட்டால், கண்டுபிடிப்பதற்குச் சமமான காரியம் இப்படித் திரும்பிப் போய் அளப்பது. பண்ணையிலும் அப்படித்தான், ஒருநாள் ரிப்போர்ட்டை வைத்துக்கொண்டு குட்டையைப் பற்றி ஒன்றும் சொல்ல முடியாது.

அப்போ மக்னீசியக் கணக்கு நேராகிவிட்டதா? எட்மண்ட் குழு முதலில் போட்ட கணக்கில், ஆறுகள் கொண்டுவருவதை விழுங்க இந்தக் கொதி ஊற்றுகளே போதும் என்று வந்தது. பிற்பாடு கொதி ஊற்றுகள் வழியே ஓடும் நீரின் அளவைக் குறைத்து மதிப்பிட்டவர்கள், அவ்வளவு போதாது என்றார்கள். மீதி எங்கே? கொதி ஊற்றுகள் இருக்கும் கடலடி மலைத்தொடரின் உச்சியில் இல்லை, சரிவில். வட அமெரிக்காவின் மேற்குக் கரைக்கு அப்பால் ஜுவான் டி ஃபூகா தொடரின் கிழக்குச் சரிவில், வண்டலுக்குள் புதைந்து கிடக்கும் கடலடிக் குன்றுகளில் தலை மட்டும் வெளியே தெரியும். அவற்றில் ஒன்றான கிரிஸ்லி பேர் வழியாகக் கடல்நீர் உள்ளே போகிறது. சுமார் 50 கிலோமீட்டர் தள்ளி பேபி பேர் என்ற சின்னக் குன்றில் வெளியே வருகிறது. கரும்புகை கிடையாது, படம் எடுத்தால் ஒன்றுமே தெரியாது, வெறும் 25 டிகிரித் தண்ணீர். ஆனால் அளந்து பார்த்தால் மக்னீசியம் கிட்டத்தட்ட முழுக்கப் போயிருக்கிறது, கால்சியம் ஐந்து மடங்கு ஏறியிருக்கிறது. பாறைக்குள் அது 60 டிகிரி சூட்டைத் தாண்டிப் போய் வந்திருக்கிறது, அந்தச் சூடே போதும். புகழ் எல்லாம் கரும்புகைபோக்கிக்கு, ஆனால் சூடும் தண்ணீரும் அதிகம் கைமாறுவது சத்தமில்லாத இந்தச் சரிவுகளில்தான். வண்டல் களிமண்ணின் பங்கும் சேர்த்து யார் எவ்வளவு விழுங்குகிறார்கள் என்ற விவாதம் இன்னும் ஓடுகிறது.

என் குடுவையில் எழும் வெள்ளை மேகத்தைக் கடலடியிலேயே பார்க்க வேண்டுமானால் அட்லாண்டிக் நடுவே, வடக்கே 30 டிகிரிக்குப் போக வேண்டும். 2000 டிசம்பரில் அங்கே ஒரு கடலடி மலையின் உச்சிப்பக்கம், 700, 800 மீட்டர் ஆழத்தில், வெள்ளைக் கோபுரங்கள் நிற்பதைக் கண்டார்கள். தொலைந்த நகரம் என்று பெயர் வைத்தார்கள். போசைடன் என்ற கோபுரம் 60 மீட்டர் உயரம். அங்கே பாறை வேறு, புவியின் மேலோட்டுக்கு அடியில் இருக்கும் அடுக்கில் இருந்து ஏறி வந்த பாறை. அதோடு தண்ணீர் சேரும்போது செர்பன்டைன் என்ற கனிமம் உண்டாகிறது, ஹைட்ரஜன் வாயு கிளம்புகிறது, நீர் அமிலமாவதற்குப் பதில் காரமாகிறது: பி.ஹெச் 9 முதல் 11 வரை. மக்னீசியம் இல்லாத இந்தக் காரநீர், மக்னீசியம் நிறைந்த கடல்நீரைத் தொடும்போது என்ன நடக்கும்? நான் சோடியம் ஹைட்ராக்சைடை விட்டதும் நடப்பதேதான். மக்னீசியம் ஹைட்ராக்சைடு வெள்ளையாகப் பிரிகிறது. கனிமமாக அதற்கு புரூசைட் என்று பெயர். கார்பனேட்டும் புரூசைட்டும் சேர்ந்து படிந்து எழும்பிய கோபுரங்கள் அவை. அந்த ஊற்றுகள் குறைந்தது 30,000 ஆண்டுகளாக ஓடிக்கொண்டிருக்கின்றன. இதைப் படித்த பிறகு கால்சியம் டைட்ரேஷன் போடும்போதெல்லாம் அந்த மேகம் தெளியும்வரை ஒரு நிமிடம் பார்த்துக்கொண்டுதான் நிற்கிறேன்.

இனி நம் பக்கத்துக் கடல். இந்தியப் பெருங்கடலில் கரும்புகைபோக்கிகளை முதன்முதலாகக் கண்டது ஜப்பானியர்கள், 2000 ஆகஸ்டில், கெய்ரேய் என்ற இடத்தில். மொரீஷியஸுக்குத் தென்கிழக்கே, மூன்று கடலடி மலைத்தொடர்கள் கூடும் முச்சந்தி அருகே. இரும்பு சல்ஃபைடு செதில்களைக் காலில் அணிந்திருக்கும் நத்தை அங்கேதான் அகப்பட்டது. 2001-ல் அமெரிக்கர்கள் போனார்கள். 1977-ல் கலாபகஸுக்குப் போன அதே நோர் கப்பல். கெய்ரேய்க்கு வடமேற்கே புதிதாக இன்னொரு ஊற்றுக் கூட்டத்தைக் கண்டார்கள், 382 டிகிரி. அந்த ஆண்டு ஏப்ரலில்தான் ஜான் எட்மண்ட் இறந்துபோனார், வயது 60 கூட ஆகவில்லை. புது ஊற்றுக் கூட்டத்துக்கு எட்மண்ட் என்றே பெயர் வைத்தார்கள். அங்கிருந்து வந்த நீரை ஆராய்ந்து 2006-ல் வெளியிட்டவர்களில் ஒருவர் கேரன் வான் டாம். ஆசிரியரின் பெயர் கொண்ட ஊற்றின் நீருக்கு, ஆசிரியர் போட்டுக் கொடுத்த கோட்டை நீட்டி, மாணவி கணக்குப் போட்டார். குளோரைடு கடலைவிட மிக அதிகம், உப்பு மண்டிய பங்கு மேலே வருகிறது என்று அவர்கள் எழுதினார்கள். 2008-ல் வான் டாமும் போய்விட்டார். 2006-ல் வந்த அந்த ஆய்வுக் கட்டுரையை முதல்முறை படித்த இரவு எனக்குச் சரியாகத் தூக்கம் வரவில்லை.

நம் நாடும் அந்தக் கடலில் இருக்கிறது. 2016-ல் சர்வதேசக் கடலடி ஆணையத்தோடு ஒப்பந்தம் போட்டு, மத்திய இந்திய மேட்டிலும் தென்மேற்கு இந்திய மேட்டிலும் 10,000 சதுர கிலோமீட்டரில் உலோக சல்ஃபைடுகளை ஆராய 15 ஆண்டு உரிமை வாங்கியிருக்கிறது. 2024 டிசம்பரில் சென்னை பள்ளிக்கரணையில் இருக்கும் தேசிய கடல் தொழில்நுட்ப நிறுவனமும் கோவாவின் துருவ, கடல் ஆராய்ச்சி மையமும் சேர்ந்து, சாகர் நிதி கப்பலில் போய், தானியங்கி நீர்மூழ்கியை இறக்கி, 4,500 மீட்டர் ஆழத்தில் இயங்கும் ஊற்று ஒன்றைப் படம் எடுத்தார்கள். அந்தப் படத்தை அச்செடுத்துக் கூடத்தில் பாலன்ஸுக்கு மேலே ஒட்டியிருக்கிறேன். மூன்று பேரை 6,000 மீட்டர் ஆழத்துக்கு டைட்டானியக் கோளத்தில் அழைத்துப்போக மத்ஸ்யா 6000-மும் பள்ளிக்கரணையில்தான் உருவாகிறது.

செய்திகளில் எல்லாம் செம்பு, துத்தநாகம், தங்கம், வெள்ளி என்றே போட்டிருந்தார்கள். உலோகம் முக்கியம்தான். ஆனால் ஓடுகிற ஊற்றைத் தோண்டுவது பற்றிப் பேசுவதற்கு முன்னால் அதன் தண்ணீரை ஆண்டுக்கணக்கில் பிடித்துப் பார்க்க வேண்டும் என்பது என் உறுதியான அபிப்பிராயம். எட்மண்ட் கூட்டத்தின் நீரும் கெய்ரேய் நீரும் பக்கத்துப் பக்கத்தில் இருந்தே வேறு வேறு: கெய்ரேயில் ஹைட்ரஜன் மிக அதிகம், அடியில் இருக்கும் பாறை வேறு என்பதால். எந்தப் பாறை, எவ்வளவு சூடு, ஆவியா உப்புநீரா, ஊற்று இன்னும் எத்தனை காலம் ஓடும், அதை நம்பி எந்த உயிர் இருக்கிறது, எல்லாமே தண்ணீரில்தான் எழுதியிருக்கிறது. அந்தச் செதில்கால் நத்தை சுரங்கம் தோண்டும் அபாயத்தால் 2019-லேயே அழியும் உயிர்களின் சிவப்புப் பட்டியலில் ஏறிவிட்டது.

இதைப் பள்ளிக்கரணையிலோ கோவாவிலோ வேலை செய்யும் யாராவது படித்தால் ஒரு வேண்டுகோள். டைட்டானியம் சிரிஞ்சில் நம் ஊற்றின் நீர் கப்பலுக்கு வந்ததும், செம்புக்கு அனுப்புவதற்கு முன்னால் மக்னீசியத்தைப் பார்த்துவிடுவீர்கள் என்று தெரியும். அந்த எண்ணை வெளியிடும்போது கழித்த பிறகு வந்த அளவை மட்டும் போடாமல், புட்டி வாரியாக அளந்ததை அளந்தபடியே, ஒவ்வொன்றின் வெப்பத்தோடும் சேர்த்துப் போடுங்கள். கோட்டை நாங்களும் போட்டுப் பார்க்கிறோம். அந்தப் பெரியவர் இன்னும் மாதம் தவறாமல் தண்ணீர் கொண்டுவருகிறார், அவருக்கும் காட்ட வேண்டும்.